யூனிவர்சிட்டி ரைட்டிங் சென்டரில் ட்யூட்டர் வேலை: சேரலாமா, லேபுக்கே போகலாமா?

பொள்ளாச்சிக்காரன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்காவின் மத்திய மேற்கில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் பொறியியல் எம்.எஸ். முதலாம் ஆண்டு படிக்கிறேன். ஃபால் செமஸ்டர் முழுக்க டைனிங் ஹாலில் வேலை பார்த்தேன். டெக்னிக்கல் ரைட்டிங் வகுப்பு எடுத்த பேராசிரியர், "உன் ரிப்போர்ட் ஒரே வாசிப்பில் புரிகிறது. ரைட்டிங் சென்டரில் ஆள் எடுக்கிறார்கள், விண்ணப்பித்துப் பார்" என்றார். மாணவர்கள் தாங்கள் எழுதும் கட்டுரையைக் கொண்டுவந்து சக மாணவர் ஒருவரோடு உட்கார்ந்து பேசும் இடம் அது, அந்தச் சக மாணவர்தான் ட்யூட்டர். எழுதிய மாதிரி ஒன்று கேட்டார்கள், அப்புறம் நேர்காணல். அதில் அவர்களில் ஒருவரே மாணவராக உட்கார்ந்து, ஒரு கட்டுரையை நீட்டி, "இதை வைத்து என்னோடு பேசுங்கள்" என்றார். எடுத்துக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

இப்போது எனக்குத் தயக்கம். பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம் படித்தவன். ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு எழுத்தைப் பற்றி நான் என்ன சொல்ல முடியும்? அறை நண்பர்கள் வேறு, "அந்த நேரத்துக்கு லேபில் போய் உட்கார்ந்தால் ஒரு பேப்பரிலாவது பெயர் வரும், இன்ஜினியர் ரெஸ்யூமேயில் ரைட்டிங் ட்யூட்டர் என்று போட்டு என்ன பயன்" என்கிறார்கள். சாட்ஜிபிடி வந்தபின் இந்த வேலையே எத்தனை நாளைக்கு இருக்கும் என்றும் கேட்கிறார்கள். வீட்டில் கேட்டால் "உனக்கு எது சரின்னு படுதோ செய் கண்ணு" என்பதோடு முடிந்துவிடுகிறது. இந்த வேலை பார்த்த அண்ணன், அக்கா யாராவது இருந்தால் சொல்லுங்கள். படிப்புக்கு, பிற்கால வேலைக்கு, சொந்த வாழ்க்கைக்கு உண்மையில் ஏதாவது கிடைத்ததா?

தாமிரபரணி எழுதியது:

தம்பி, சேருங்கள். அம்பாசமுத்திரம் பக்கம் தமிழ் மீடியத்தில் படித்து, அமெரிக்காவில் பொதுச் சுகாதாரத்தில் முதுகலை செய்தபோது அது முடியும்வரை ரைட்டிங் சென்டரில் இருந்தவள் நான். இப்போது சென்னையில் மருந்து ஆய்வு அறிக்கைகள் எழுதும் வேலை. அந்த மேசையில் கற்றதை வைத்துத்தான் இன்றைக்கும் சம்பளம் வாங்குகிறேன் என்று தயங்காமல் சொல்வேன்.

முதலில் உங்கள் தமிழ் மீடியம் கவலை. அங்கே யாரும் உங்களிடம் இங்கிலீஷ் கற்றுக்கொள்ள வருவதில்லை. தான் எழுதியதை இன்னொருவர் முன்னால் வைத்துப் பேச வருகிறார்கள். எங்கள் பயிற்சியில் முதல் வாரமே கொடுத்த கட்டுரை ஸ்டீஃபன் நார்த் 1984-ல் எழுதியது. ரைட்டிங் சென்டர் என்பது பிழை திருத்தும் கடை இல்லை, திருந்த வேண்டியது காகிதம் இல்லை, எழுதுகிற ஆள் வளர வேண்டும் என்பதுதான் அதன் சாரம். அதனால்தான் சில விதிகள் கண்டிப்பாக இருக்கும். பேனா மாணவர் கையில் இருக்க வேண்டும். எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்கார வேண்டும். இதற்கு என்ன கிரேடு வரும் என்று ஊகித்துச் சொல்லக் கூடாது. பேராசிரியரைப் பற்றிக் குறை பேசக் கூடாது. அசைன்மென்ட் தாளை வாங்கிப் படித்த பிறகுதான் மற்றதெல்லாம்.

ஓர் அமர்வைச் சொல்கிறேன், அப்போதுதான் விளங்கும். நர்சிங் படிக்கும் ஒரு பெண், முப்பது வயதுக்கு மேல் இருக்கும், இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டு அதே உடையில் வந்தார். வயதான நோயாளிகள் ஆஸ்பத்திரியில் கீழே விழுவதைப் பற்றிய பேப்பர். "கிராமர் மட்டும் பாருங்கள், போதும்" என்றார். நான் வாய்விட்டு வாசிக்கச் சொன்னேன். கீழே விழுவது எவ்வளவு ஆபத்து, யார் யார் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று இரண்டு பக்கம் போனது. மூன்றாம் பக்கத்தில் அவரே நிறுத்தி, "இது எங்கே போகிறதென்று எனக்கே தெரியவில்லை" என்றார். "உங்கள் வார்டில் எப்போது விழுகிறார்கள்?" என்று கேட்டேன். பதில் வரவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. கொஞ்சம் கழித்து, "பாத்ரூம் போகும்போது" என்றார். அப்புறம் மடை திறந்தது. கட்டில் அலாரம் அடித்து நாங்கள் ஓடிப் போவதற்குள் அவர் எழுந்து நின்றிருப்பார், நாங்களே மணிக்கு ஒரு தடவை போய் பாத்ரூம் போகணுமா என்று கேட்டாலே பலர் தனியாக எழ மாட்டார்கள், ஆனால் அதற்கு ராத்திரியில் ஆள் போதாது என்று கடகடவென்று சொன்னார். "இப்போது சொன்னீர்களே, அது இந்தப் பேப்பரில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டேன். பக்கங்களைப் புரட்டினார். எங்கேயுமே இல்லை. அந்த வாக்கியத்தைத் தானே ஓரத்தில் எழுதினார். மீதி நேரம் முழுக்க, ஏற்கெனவே எழுதிய இரண்டு பக்கத்தில் எது இந்த வாக்கியத்துக்குத் துணை நிற்கும், எதை எடுத்துவிடலாம் என்பதைத்தான் பேசினோம். கிராமருக்கு வரவே இல்லை, அவரும் கேட்கவில்லை.

இதில் நான் செய்தது இரண்டே காரியம். ஒரு கேள்வி கேட்டேன், பிறகு பேசாமல் இருந்தேன். பேசாமல் இருப்பது எவ்வளவு கடினம் என்பது போய் உட்கார்ந்தால்தான் தெரியும். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைகளைப் பதிவுசெய்து பார்த்திருக்கிறார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள். அதை மூன்று வினாடி ஆக்கினாலே மாணவர்களின் பதில் நீள்கிறது, யோசனை கூடுகிறது. பயிற்சியில் இதைச் சொன்னபோது சின்ன விஷயம் என்று நினைத்தோம். ஆறு மாதம் பழகிய பிறகு வீட்டில் அம்மாவிடம் போனில் பேசுவது கூட மாறிவிட்டது. முன்பெல்லாம் அவர் ஆரம்பித்த வாக்கியத்தை நான் முடிப்பேன். இப்போது விட்டுவிடுகிறேன். அப்பா இறந்தபின் அவர் மனதில் இருந்த பல விஷயங்கள் அப்படித்தான் எனக்குத் தெரிய வந்தன.

வேலைக்கு வருகிறேன். மருந்து ஆய்வு அறிக்கைக்கு ஐ.சி.எச். இ3 என்று ஓர் உலக வழிகாட்டுதல் இருக்கிறது. எந்தப் பகுதிக்குப் பின் எது வர வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. கஷ்டம் அதில் இல்லை. புள்ளியியல்காரர், டாக்டர், மருந்துப் பாதுகாப்புக் குழு என்று பத்துப் பேர் ஒரே பத்திக்கு ஒன்றுக்கொன்று முரணான கமென்ட் போட்டிருப்பார்கள். மீட்டிங்கில் எல்லோரும் சொற்களைப் பிடித்துச் சண்டை போடுவார்கள். நான் கேட்பது அதே கேள்விதான்: "இந்த அட்டவணையைப் படிக்கும் அதிகாரி என்ன முடிவுக்கு வர வேண்டும்?" ஒரு நிமிடம் அமைதி. அப்புறம் பெரும்பாலும் டாக்டர்தான் பேசுவார், பத்தி அங்கேயே தீர்ந்துவிடும். எனக்கு வேலை கொடுத்த மேலாளர் நேர்காணலில் என் ப்ராஜெக்ட்டைப் பற்றி ஒரு கேள்வியோடு விட்டுவிட்டார். மீதி நேரம் முழுக்க ட்யூட்டர் வேலையைப் பற்றித்தான் கேட்டார். கோபத்தோடு வந்த மாணவரை எப்படிச் சமாளித்தீர்கள், தெரியாத துறைக் கட்டுரையை எப்படிப் படித்தீர்கள் என்று.

இது என் ஒருத்தியின் அனுபவம் மட்டும் இல்லை. பிராட் ஹியூஸ், பவுலா கில்லெஸ்பி, ஹார்வி கெயில் என்ற மூன்று பேர் விஸ்கான்சின்-மேடிசன், மார்க்கெட், மெய்ன் ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களின் பழைய ட்யூட்டர்கள் 126 பேரிடம் கேட்டு 2010-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். காது கொடுத்துக் கேட்கும் பழக்கம், எழுத்தைப் பகுத்துப் பார்க்கும் திறன், தன்னம்பிக்கை ஆகியவை வேலையில் மட்டுமல்ல, குடும்பத்திலும் உதவுவதாக அவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

கடைசியாக, இரண்டாம் மொழிக்காரர் என்பதை ஒரு குறையாக எடுத்துக்கொண்டு உள்ளே போகாதீர்கள். கொரியாவிலிருந்து வந்த ஒரு மாணவர், ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் "ஏ", "தி" எங்கே போடுவது என்று எங்கள் சென்டரில் ஒவ்வொரு மேசையாகக் கேட்டிருக்கிறார். அமெரிக்க ட்யூட்டர்கள் "படித்தால் காதுக்குச் சரியாக இருக்க வேண்டும்" என்றார்களாம். அவர் காதுக்கு எப்படித் தெரியும்? எனக்கு விதியாகத் தெரியும், ஏனென்றால் நான் விதியாகத்தான் படித்தேன். படிப்பவருக்கு அந்தப் பொருள் புதிதா, ஏற்கெனவே தெரிந்ததா என்று ஒவ்வொரு பெயர்ச்சொல்லிலும் கேட்டுப் பார்க்கச் சொன்னேன். அவர் பேப்பரில் ஒரு பத்தியை அப்படியே சேர்ந்து பார்த்தோம். செமஸ்டர் முடியும்வரை என்னிடமே வந்தார்.

பைபாஸ் ரைடர் எழுதியது:

அக்கா அருமையாகச் சொல்லிவிட்டார்கள். நான் காசும் காகிதமும் மட்டும் சொல்கிறேன்.

எஃப்-1 மாணவர் விசாவில் செமஸ்டர் நடக்கும்போது கேம்பஸ் வேலை வாரத்துக்கு 20 மணி நேரம்தான். அது எல்லா வேலைக்கும் சேர்த்து. டைனிங் ஹாலையும் வைத்துக்கொண்டு இதிலும் சேர்ந்தால் இரண்டையும் கூட்டிப் பாருங்கள். விடுமுறையில் முழு நேரம் பார்க்கலாம். கேம்பஸ் வேலை ஓ.பி.டி. (படித்த துறையில் வேலை பார்க்க மாணவர் விசாவில் கிடைக்கும் அனுமதி) மாதங்களைத் தின்னாது, அந்தப் பயம் வேண்டாம். முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகளுக்குப் பொதுவாக சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரி பிடிக்க மாட்டார்கள். பிடித்திருந்தால் பேரோல் ஆபீசில் போய்க் கேளுங்கள்.

ஒன்றை மட்டும் கவனமாகக் கேளுங்கள். ட்யூட்டர் என்று பெயர் வந்ததுமே வாட்ஸ்ஆப் குரூப்பில் ஆள் தேடி வருவார்கள், "என் எஸ்ஸேயைக் கொஞ்சம் பாருங்கள், காசு அனுப்புகிறேன்" என்று. அனுமதி இல்லாமல் கேம்பஸுக்கு வெளியே சம்பாதிப்பது விசா விதிமீறல். அடுத்தவர் அசைன்மென்ட்டைக் காசுக்கு எழுதிக் கொடுத்தால் படிப்பும் போகும். முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லிவிடுங்கள், "ரைட்டிங் சென்டருக்கு வா, இலவசம்" என்று சொல்லுங்கள்.

அப்புறம், மணிக்கணக்குச் சம்பளமா, அசிஸ்டென்ட்ஷிப்பா (பல்கலைக்கழகத்துக்கு வேலை பார்த்து உதவித்தொகை வாங்கும் பதவி) என்று கேளுங்கள். சில இடங்களில் முதுகலை மாணவர்களுக்கு ரைட்டிங் சென்டரிலேயே அசிஸ்டென்ட்ஷிப் உண்டு, டியூஷன் வேவரோடு, அதாவது படிப்புக் கட்டணத் தள்ளுபடியோடு. இப்போது இல்லாவிட்டாலும் அடுத்த வருடத்துக்கு விண்ணப்பிக்கும்போது உள்ளே இருக்கும் ஆளாக இருப்பீர்கள். சென்டர் சி.ஆர்.எல்.ஏ. என்ற அமைப்பின் ட்யூட்டர் சான்றிதழ் திட்டத்தில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். முதல் நிலைக்கு 10 மணி நேரப் பயிற்சியும் 25 மணி நேர ட்யூட்டரிங்கும் போதும். ரெஸ்யூமேயில் ஒரு வரி உறுதியாக நிற்கும்.

நான் சாஃப்ட்வேரில் இருக்கிறேன். எங்கள் டீமில் ரைட்டிங் ட்யூட்டராக இருந்துவிட்டு வந்த ஒரு பெண் இருக்கிறார். மற்றவர் எழுதிய புரோகிராமைப் பார்த்து அவர் போடும் கோட் ரிவ்யூ கமென்ட்டைப் படித்தாலே வித்தியாசம் தெரியும். "இது தப்பு" என்று எழுதவே மாட்டார். "இந்த ஃபங்ஷனுக்குக் காலி லிஸ்ட் வந்தால் என்ன ஆகும்?" என்று கேட்பார். புதிதாகச் சேர்ந்த பையன்கள் தங்கள் புரோகிராமை அவரிடம்தான் முதலில் காட்டுகிறார்கள்.

மணல்மேடு எழுதியது:

இப்போது ட்யூட்டராக இருக்கிறேன், பி.எச்.டி. நான்காம் ஆண்டு, வரலாறு. நல்லதைச் சொல்லிவிட்டார்கள், கஷ்டத்தையும் யாராவது சொல்ல வேண்டும்.

நவம்பர் கடைசியும் ஏப்ரல் கடைசியும் கொடுமை. எல்லோருக்கும் ஒரே வாரத்தில் பேப்பர் கெடு, உங்களுக்கும் அதே வாரத்தில்தான் கெடு. ஒன்றன்பின் ஒன்றாக அமர்வு, நடுவில் குறிப்பு எழுதக் கூட நேரம் இருக்காது. சிலர் அழுதுகொண்டே வருவார்கள், பேப்பருக்காக அழவில்லை என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கவுன்சலிங் சென்டரின் எண்ணை மேசையில் வைத்திருங்கள். அந்த வாரங்களில் மணி நேரத்தைக் குறைத்துக்கொள்ள முடியுமா என்று இப்போதே இயக்குநரிடம் பேசிவிடுங்கள்.

இன்னொன்று. பெயரைப் பார்த்து அப்பாயின்ட்மென்ட்டை ரத்து செய்பவர்களும் உண்டு. ஒரு மாணவர் என் எதிரிலேயே "நேட்டிவ் ஸ்பீக்கர் யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டார். வலித்தது. "முதலில் அசைன்மென்ட் தாளைப் பார்ப்போம், பத்து நிமிடம் கழித்தும் வேறு ஆள் வேண்டுமென்றால் நானே புக் செய்து தருகிறேன்" என்றேன். உட்கார்ந்தார், முழு நேரமும் இருந்தார். இதைச் சென்டரில் சொன்னபோது இயக்குநர் என் பக்கம் நின்றார். உங்கள் இயக்குநர் எப்படிப்பட்டவர் என்பதைப் பழைய ட்யூட்டர்களிடம் விசாரியுங்கள், சம்பளத்தை விட அது முக்கியம்.

சாட்ஜிபிடி பற்றி. 2022 நவம்பரில் அது வந்தபின் என் மேசைக்கு வரும் காகிதம் மாறியிருக்கிறது என்பது உண்மை. பிழையே இல்லாத, வழுவழுப்பான டிராஃப்ட்டோடு வருகிறார்கள். "இதில் உங்களுக்கு மிகவும் பிடித்த வாக்கியம் எது?" என்று கேட்பேன். சிலரால் காட்டவே முடிவதில்லை. போன மாதம் ஒரு பொருளாதார மாணவர் கொண்டுவந்ததில் ஒரு பத்தி முழுக்க அவர் நம்பாத வாதம். வாய்விட்டு வாசிக்கும்போதுதான் அவருக்கே உறைத்தது. "நான் இப்படி நினைக்கவில்லையே" என்று எழுந்தே நின்றுவிட்டார். அதற்குப் பின் நாங்கள் பேசிய அரை மணி நேரம் இந்த வருடத்தில் எனக்குக் கிடைத்த நல்ல அரை மணி நேரங்களில் ஒன்று. எந்தப் பேராசிரியர் சாட்ஜிபிடியை அனுமதிக்கிறார், எவர் அனுமதிப்பதில்லை என்பதையும் அசைன்மென்ட் தாளிலேயே பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது, அதுவும் இப்போது எங்கள் வேலைதான். வேலை போய்விடும் என்று எனக்குத் தோன்றவில்லை, முன்பை விடக் கவனமாகச் செய்ய வேண்டிய வேலை ஆகியிருக்கிறது.

என் ஆராய்ச்சிக்குக் கிடைத்ததைச் சொல்லாவிட்டால் நியாயம் இல்லை. மண்ணியல், சமூகப்பணி, இசை, கணக்கு என்று எல்லாத் துறைக் கட்டுரையும் என் மேசைக்கு வருகிறது. ஒவ்வொரு துறையும் ஆதாரம் என்று எதை ஏற்கிறது என்பது கண்ணெதிரே தெரிகிறது. என் தீசிஸின் இரண்டாம் அத்தியாயத்தைத் திருப்பி எழுதியதற்குக் காரணம் ஒரு மண்ணியல் மாணவரின் லேப் ரிப்போர்ட். முடிவுகளை ஓர் இடத்திலும், அவற்றுக்கான விளக்கத்தை வேறு இடத்திலும் அவர் பிரித்து வைத்திருந்தார். நான் ஆவணம் சொல்வதையும் நான் சொல்வதையும் ஒரே பத்தியில் கலந்திருந்தேன்.

லேபா, இதுவா என்றால்: பி.எச்.டி. போகும் எண்ணம் இருந்தால் லேபை விடாதீர்கள், பேப்பருக்கு ஈடு கிடையாது. இதை வாரம் ஏழெட்டு மணி நேரமாக வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்குத்தான் போகப் போகிறீர்கள் என்றால் இதற்கு அதிகம் கொடுக்கலாம்.

பொள்ளாச்சிக்காரன் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சேர்வதென்று முடிவு செய்துவிட்டேன். டைனிங் ஹாலை விட்டுவிட்டு, இது வாரம் எட்டு மணி நேரம், மீதி லேப். அசிஸ்டென்ட்ஷிப் பற்றிக் கேட்டேன், மார்ச்சில் விண்ணப்பம் திறக்குமாம். அக்கா, ஒரே ஒரு கேள்வி. முதல் வாரத்துக்கு முன்னால் என்ன படித்துத் தயாராக வேண்டும்? "நீங்களே திருத்திக் கொடுத்துவிடுங்கள்" என்று ஒருவர் பிடிவாதம் பிடித்தால் என்ன சொல்வது?

தாமிரபரணி எழுதியது:

நல்ல முடிவு தம்பி. இலக்கணப் புத்தகத்தை மனப்பாடம் செய்ய உட்காராதீர்கள். பர்டியூ பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் ரைட்டிங் லேப் தளத்தில் ஏ.பி.ஏ. ஏழாம் பதிப்பு, எம்.எல்.ஏ. என்ற மேற்கோள் விதித் தொகுப்புகள் இரண்டும் எங்கே இருக்கின்றன என்று பார்த்து வையுங்கள். மேற்கோள் விதியை யாரும் நினைவிலிருந்து சொல்ல வேண்டியதில்லை, மாணவரோடு சேர்ந்து தேடினால் அடுத்த தடவை அவரே தேடிக்கொள்வார். முடிந்தால் அனுபவமுள்ள இரண்டு ட்யூட்டர்களின் அமர்வில் கூட உட்கார அனுமதி கேளுங்கள். உங்கள் ரிப்போர்ட் ஒன்றை எடுத்துக்கொண்டு நீங்களே மாணவராக ஒரு அமர்வுக்குப் போய் வாருங்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்து வாசிக்கும்போது என்ன கூச்சம் வருகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

பிடிவாதக்காரரிடம் விதியைக் காட்டிப் பேசாதீர்கள். பெரும்பாலும் அவருக்குக் கெடு நெருங்கியிருக்கும். "எப்போது கொடுக்க வேண்டும்?" என்று கேளுங்கள். இன்றைக்கு ராத்திரி என்றால், ஒரே ஒரு பத்தியை எடுத்து, அதில் திரும்பத் திரும்ப வரும் ஒரு பிழையை மட்டும் சேர்ந்து பாருங்கள். முதல் இரண்டு இடத்தை நீங்கள் காட்டுங்கள், மூன்றாவதை அவர் கண்டுபிடிக்கட்டும். நான்காவது, ஐந்தாவது தானாக வரும். மீதிப் பக்கங்களை அவரே வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். அடுத்த தடவை இரண்டு நாள் முன்னாலேயே புக் செய்யச் சொல்லி, அங்கேயே, அவர் கையாலேயே, அப்பாயின்ட்மென்ட் போட வைத்துவிடுங்கள்.